சங்கிலி எந்தப் பக்கம்

மார்ச் 4

நாத்தனாருக்கு உன் அண்ணன் மனைவி எழுதுவது.

நீ போனை எடுப்பதில்லை. பரவாயில்லை, எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சம். ஐந்து மாதமாக நமக்குள் பேச்சு இல்லாததில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் முடிக்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் என்னோடு சண்டை போட்ட அன்றே நேராக வீட்டுக்குப் போய் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாய். போன வேகத்தில் மிச்சத்தை விட்டுவிட்டாய். ஃபிரேம், முன்ஃபோர்க், ஒரு பின்சக்கரம், பழைய போர்வையில் சுற்றிய டேங்க், எல்லாம் கூடத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கின்றன. உன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் குளியலறைக்குக் கொண்டுபோக அந்த வழிதான். ஹேண்டில் என் துணியில் மாட்டுகிறது, கால்மிதி நாற்காலியில் மாட்டுகிறது. நேற்று இரண்டும் ஒன்றாக மாட்டின. நான் அவரைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன், கூப்பிட ஆள் இல்லை.

வந்து எடுத்துப் போ. இல்லையென்றால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவேன்.

அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பக்கவாதம் அடித்த வலக்கை, வலக்கால் இன்னும் எழவில்லை. இடக்கை நன்றாக இருக்கிறது. பேச்சில் ஒரே ஒரு சொல் திரும்பியிருக்கிறது. “சரி.” பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி. கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் வாயால் கேட்க ஆசைப்பட்ட சொல். இப்போது கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

---

மார்ச் 11

அண்ணி,

இரும்புக்காரர் நம் வாசல் படியை மிதிக்கக்கூடாது. சொல்லிவிட்டேன்.

அது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு அது ஓட்டை உடைசல். ஃபிரேம் எவனோ சந்தைக்குப் போய்வந்த பழைய வண்டியுடையது. அதன் வாலை அறுத்துத் தூக்கி வைத்துப் பற்றவைத்தது அண்ணன். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் அதைவிடப் பெரிய வண்டியிலிருந்து வந்தது. ஃபிரேமின் கழுத்தில் நுழைய மறுத்ததை நான் என் லேத்தில் கடைந்து நுழைத்தேன். டேங்க் ஒரு சின்ன மொபெட்டுடையது. எஞ்சின் ஒரு காலத்தில் உண்மையான மோட்டோகிராஸ் வண்டியில் மண்மேடு தாண்டிக் குதித்தது. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத நான்கு வண்டிகள், ஒரு வண்டியாகப் போகிறவை. பழைய வண்டிகளுக்கென்றே வைக்கிற ரேஸில் அதை ஓட்டவேண்டும் என்பது அவர் ஆசை. நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அவர் நிறுத்தினார். தாழ்வாரத்தில் நான் சொன்னதும் அதைத்தான். ஓட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருப்பார் என்றேன். நீங்கள் “கிளம்பு” என்றீர்கள். கிளம்பினேன்.

சரக்கு லாரி ஒன்று அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறது. டிரைவர் தெரிந்தவர். அவரிடம் ஏற்றிவிடுங்கள். நான் வர முடியாது, பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது.

---

மார்ச் 20

லாரி வெறுமையாகத்தான் திரும்புகிறது. காரணம் எழுதுகிறேன்.

நீ மிதிக்கக்கூடாது என்ற படியை இரும்புக்காரர் உன் கடிதம் வருவதற்கு முன்பே மிதித்துவிட்டார். நான்தான் கூப்பிட்டேன். முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். உன் அண்ணன் நாற்காலியிலிருந்து இடக்கையை நீட்டி ஃபிரேமின் குழாயைப் பிடித்துக்கொண்டார். விடச் சொன்னேன். “சரி” என்றார், விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்த விரல் மறுபடி மூடிக்கொண்டது. அந்த மனிதர் தூக்கியதைக் கீழே வைத்துவிட்டு, “இருக்கட்டும்மா, எனக்கு வேற இரும்பு கெடைக்கும்” என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த லாரி டிரைவர் இவர் பிடியைப் பார்த்து அதைத் தொடவே பயந்தார்.

கைகால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். அவள் இதைக் கேட்டுவிட்டு, பந்தை அமுக்கச் சொன்னால் தூக்கி எறிகிறாரே, இதிலேயே வேலை கொடுங்கள் என்றாள். ஒரு போல்ட்டும் நட்டும் கொடுத்துப் பார்த்தேன். வலக்கையால் போல்ட்டை மடியில் அழுத்திக்கொண்டு, இடக்கையால் நட்டைச் சுற்றினார். வலக்கை கனத்துக்கு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் இருந்தது.

ஆகவே உன் பொருளை நீ எடுத்துப்போக முடியாது. அதை முடிப்பதற்கு என்ன வேண்டுமோ அனுப்பு. எனக்கு இதில் எதுவும் தெரியாது, அதில் வெட்கமும் இல்லை. நீயே வந்தால் இன்னும் நல்லது. வேலை குவிந்து கிடக்கும், தெரியும்.

---

மார்ச் 29

அண்ணி,

குழாயைப் பிடித்தார் என்ற இடத்தை நாலு தடவை படித்தேன். கிரீஸ் கையோடு படித்ததில் கடிதம் வீணாய்ப் போனது.

பார்சலில் இரண்டு டப்பா இருக்கும். பெரியதில் போல்ட், நட், வாஷர். சின்னதில் ஸ்பேனர்கள், என்னுடையவை, கைக்கு வழக்கமானவை. அண்ணனுக்கு அடையாளம் தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

எஞ்சினை அனுப்புகிறேன். அதை ஃபிரேமில் உட்காரவைக்க இரண்டு பக்கமும் தகடு வேண்டும், அதை நான் இங்கே வெட்டவேண்டும். எஞ்சினிலிருந்து சங்கிலி வலப்பக்கம் வெளியே வருகிறது. பின்சக்கரத்தில் பல்சக்கரம் எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதுங்கள். அந்தச் சக்கரம், நான் பட்டறை வைக்க இங்கே வந்த பிறகு, நோயில் விழுவதற்கு முன் அண்ணன் எங்கிருந்தோ பிடித்துப் போட்டது, நான் கவனித்துப் பார்த்ததில்லை. ஃபிரேமின் துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் வேண்டும். ஸ்கேல் வைத்து அளக்கவும், கண்ணளவு வேண்டாம்.

வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

---

ஏப்ரல் 6

கண்ணளவு என்று யாரிடம் சொல்கிறாய்? பதினாறு வருடம் மழலையர் வகுப்பில் கோடு போடச் சொல்லிக்கொடுத்தவள் நான். பள்ளி மர ஸ்கேலால் அளந்து தனித் தாளில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தேன்.

பல்சக்கரம் வலப்பக்கம்.

ஸ்பேனர் டப்பாவைத் திறந்ததும் அவர் முகர்ந்து பார்த்தார். ஸ்பேனரை அல்ல, டப்பாவை. உன் பட்டறை எண்ணெய் வாடை அதில் இருந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ போடப் போய்விட்டேன்.

எனக்கு ஒரு வாரமாக இடுப்பு பிடித்திருக்கிறது. அவரை நாற்காலிக்கு மாற்றும்போது வந்தது. மேல்மாடிக்காரர் உதவிக்கு வருகிறார், நல்ல மனிதர், ஆனால் தூக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார். அதைக் கேட்டால் இவர் முகம் சுருங்கிவிடுகிறது. பள்ளியில் விடுப்பை நீட்டிக்க முடியாது என்கிறார்கள். இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியாகிவிட்டது.

---

ஏப்ரல் 17

அண்ணி,

எஞ்சின் லாரியில் வருகிறது. பழைய ரப்பர் பாயில் சுற்றிக் கட்டியிருக்கிறேன், டிரைவரும் மேல்மாடிக்காரருமாக இறக்கட்டும், நீங்கள் கை வைக்கக்கூடாது. தகடுகள் தனி. எஞ்சினைக் கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி வெட்டியிருக்கிறேன், அப்போதுதான் சங்கிலி பல்சக்கரத்துக்கு நேராக வரும். மூன்று நாள் ராவினேன். ஓரம் கையில் கீறாது.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

வேறு என்ன எழுதுவது? பட்டறை பழையபடிதான். வாசலில் ஒரு ஷட்டர் சரியாக மூடமாட்டேன் என்கிறது.

---

ஏப்ரல் 26

உன் ஷட்டரைப் பற்றி விசாரிக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

எஞ்சின் வந்தது. மேல்மாடிக்காரர் ஆசைப்பட்டு உட்கார்ந்து மாட்டினார், பெருமூச்சே விடவில்லை. தகடு துளைக்குத் துளை சரியாகப் பொருந்தியது. போல்ட்டை உன் அண்ணன் முறுக்கினார். வீட்டில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடக்கிறது என்று நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சங்கிலியை எடுத்தால், எஞ்சின் ஒரு பக்கம் பல்லைக் காட்டுகிறது, சக்கரம் மறு பக்கம் பல்லைக் காட்டுகிறது. சங்கிலியைக் குறுக்கேயா மாட்டுவது?

அவர் பார்த்தார். “சரி” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன், வாய் ஒரு பக்கம்தான் போகிறது என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு சங்கிலிக்காக அழுகிற அளவுக்கு வந்திருக்கிறேன்.

தப்பு உன்னுடையது. நான் சரியாக அளந்தேன்.

---

மே 3

அண்ணி,

தப்பு என்னுடையதா? “பல்சக்கரம் வலப்பக்கம்” என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, என் முன்னால் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மூன்று நாள் வேலை. ஒரு வண்டியின் வலது இடது தெரியாதா? உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு எது வலதோ அதுதான் வலது. நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்?

---

மே 10

முன்னால் நின்று பார்த்தேன். வேறு எங்கே நிற்பேன்?

பொறுமையாகக் கேள். பதினாறு வருடமாக நான் குழந்தைகளுக்கு எதிரே நின்று “வலக்கை தூக்கு” என்று சொல்லி என் இடக்கையைத் தூக்குகிறேன். அவர்கள் என்னைப் பார்த்துத் தூக்க வேண்டும் அல்லவா, அதற்காக. என் இடது அவர்களுக்கு வலது. கையில் அது ஊறிப்போய்விட்டது. என் வகுப்பில் படித்த குழந்தை ஒன்றுகூட வலது இடது தெரியாமல் போனதில்லை. எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. வண்டிக்குக் கை இல்லையே என்று அன்றைக்குத் திருப்பாமல் என் வலதையே எழுதிவிட்டேன். இப்போது நாள் முழுவதும் உன் அண்ணனுக்கு எதிரே நிற்கிறேன். சட்டை போடுவது, ஊட்டுவது, முகம் துடைப்பது எல்லாம் எதிரே நின்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் எந்தக் கையைச் சட்டைக்குள் முதலில் விடுவது என்று தினமும் திண்டாடுவேன். ஒரு மனிதருக்குப் பின்னால் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒப்புக்கொள்கிறேன், தப்பு என்னுடையது. போதுமா?

பக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. அவர் முறுக்குகிற போல்ட்டெல்லாம் அவருக்கு இடப்பக்கம் இருப்பவை மட்டும்தான். வலப்பக்கம் இருப்பதைத் தொடுவதில்லை. சோம்பல் என்று நினைத்துத் திட்டினேன். பயிற்சிக்காரப் பெண் சொன்ன பிறகுதான் புரிந்தது, வலப்பக்கம் அவர் கண்ணுக்குப் படுவதே இல்லை. கண் கெடவில்லை, மூளைக்கு அந்தப் பக்கம் வந்து சேரவில்லை. தட்டிலும் அப்படித்தான், பாதி சாப்பாடு அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார். இப்போது வண்டியையும் திருப்பி வைக்கிறேன்.

---

மே 15

அண்ணி,

ஒன்று கேட்கிறேன், பதில் மட்டும் எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆஸ்பத்திரியில் நான் ஜன்னல் பக்கம் நின்றேன். சுவரை ஒட்டி, சலைன் பாட்டில் தொங்குகிற கம்பிக்குப் பக்கத்தில். “அண்ணா” என்று கூப்பிட்டேன், சின்ன வயதில் அவர் எனக்கு வைத்த பேரைச் சொல்லி, நான்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் திரும்பவே இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நீங்கள் உள்ளே வந்தீர்கள், உங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

ஜன்னல் அவருக்கு எந்தப் பக்கம்?

---

மே 20

சுண்டெலிக்கு,

வலப்பக்கம்.

அன்றைக்கு அவருக்கு ஒரு குரல் கேட்டிருக்கும், அந்தக் குரலுக்கு ஆள் இருந்திருக்காது. கதவைப் பார்த்தது உன்னைத் தேடித்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கியதும் பாசத்தில் இல்லையடி. என்னிடம் எதையோ கேட்டார். எனக்குப் புரியவில்லை.

நீ என் மேல் கோபத்தில் வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அண்ணன் உன்னை மறந்துவிட்டார் என்று பயந்துபோய் இருந்திருக்கிறாய். அதைத் தாழ்வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை.

சங்கிலிக்கு என்ன செய்வது?

---

மே 27

அண்ணி,

பட்டறையை இரண்டு நாள் மூடிவிட்டேன். ஷட்டர் சரியாக மூடிக்கொண்டது, ஆச்சரியம்.

சங்கிலிக்கு வழி இருக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடவேண்டும். பல்சக்கரம் வலப்பக்கம் வந்துவிடும். பிரேக் இடப்பக்கம் போய்விடும், மிதியும் இடது காலுக்கு மாறும். அண்ணனுக்கு இடது கால் நன்றாக இருக்கிறது இல்லையா? ஓட்டுவார் என்று சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள். கால் வைத்தால் வேலை செய்கிற மிதியாக இருக்கும், அவ்வளவுதான்.

திருப்பினால் அச்சில் ஒரு பக்கம் இடைவெளி வரும். அதற்கு ஒரு புஷ், அதாவது ஓர் இரும்பு வளையம், கடைந்து போடவேண்டும். அந்த இடைவெளியை அளந்து எழுதுங்கள், செய்து அனுப்பிவிடுகிறேன். உடனே அனுப்பிவிடுகிறேன்.

வரச் சொல்லிக் கேட்காதீர்கள் அண்ணி. தெரிந்த பிறகு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஏழு மாதம் கழித்து எந்த முகத்தோடு வருவது?

---

ஜூன் 4

சுண்டெலிக்கு,

மேல்மாடிக்காரர் சக்கரத்தைத் திருப்பிப் போட்டார். அளந்துவிட்டேன். இடைவெளி அறுபது மில்லிமீட்டர்.

பயிற்சிக்காரப் பெண்ணுக்கு ஒரு யோசனை. வண்டியைப் பெட்டி மேல் அசையாமல் கட்டிவிட்டு, உன் அண்ணனை அதன் சீட்டில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தால் முதுகு தானாக நிமிரும் என்கிறாள். நாற்காலியில் சாய்ந்து சாய்ந்தே அவர் கூன் போட்டுவிட்டார். அவள் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆள் வேண்டும். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கத்துக்கு மேல்மாடிக்காரரைக் கூப்பிடலாம். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

---

ஜூன் 10

அண்ணி,

அறுபதா? அறுபது மில்லி புஷ் போட்டால் பல்சக்கரம் டயருக்குள் போய் உட்காரும். அந்த இடத்தில் பத்து வரலாம், மிஞ்சினால் பதினைந்து. நீங்கள் அளந்ததில் இதுவரை ஒரு மில்லி பிசகியதில்லை, பக்கம்தான் பிசகியது. கம்பியைப் பொருத்தி வைத்துவிட்டு லேத் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஸ்கேலை எங்கே வைத்தீர்கள்? இன்னொரு தடவை அளந்து எழுதுங்கள்.

---

ஜூன் 15

சுண்டெலிக்கு,

ஸ்கேலை எங்கும் வைக்கவில்லை. பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கிறது. அறுபது என்பது என் மனதில் வந்த எண்.

சரியான அளவை எழுதினால் புஷ் வரும், நீ வரமாட்டாய். பிறகு பெட்ரோல் குழாய் வரும், பிறகு சீட் வரும், ஒவ்வொன்றாக டப்பாவில் வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் வண்டி முழுதாகிவிடும், அதைப் பிடிக்க இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன். என்னால் முடியவில்லை. இவ்வளவு நாள் முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், உன்னிடமும், பள்ளியிலும், அவரிடமும். முடியவில்லை என்று முதல்முறையாக உனக்குத்தான் எழுதுகிறேன்.

அந்த இடைவெளியை நீயே வந்து அளந்துகொள். எந்த முகத்தோடு வருவது என்று கேட்டாய். இருக்கிற முகத்தோடு வா. அவர் ஸ்பேனர் டப்பாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

---

ஜூன் 20

அண்ணி,

அடுத்த வாரப் புதன்கிழமை அதே லாரியில் வருகிறேன். டிரைவர் முன்சீட்டு தருகிறேன் என்றிருக்கிறார். புஷ்ஷுக்கு மூன்று துண்டுக் கம்பி, அரம், அளக்கிற கருவி, சீட்டுக்கு நுரை, எல்லாம் மூட்டை கட்டிவிட்டேன். ஒரு வாரத்துக்கு இல்லை, ஒரு மாதத்துக்குப் பட்டறையை மூடுகிறேன். உங்கள் இடுப்பை வளைக்க வேண்டாம், இனி நான் தூக்குகிறேன்.

வாசலில் வந்து நின்றுகொண்டு யோசிக்க நான் விரும்பவில்லை. அதனால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், லாரி ஏறுவதற்குள் எனக்குக் கிடைக்கட்டும். நான் எந்தப் பக்கம் நிற்கவேண்டும்?

---

ஜூன் 23

சுண்டெலிக்கு,

இடப்பக்கம். எதிரே நிற்கிற எனக்கு இடது அல்ல. உட்கார்ந்திருக்கிற அவருக்கு எது இடதோ, அது. அந்தப் பக்கத்தை உனக்கு விட்டுவிட்டு நான் அவர் வலப்பக்கம் வந்துவிடுகிறேன்.